திரை போன மடிக்கணினி: பேனலை மாற்றச் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன் என் மடிக்கணினியின் மூடியைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் திரை இருண்டுபோவதும், முன்னால் இழுத்தால் மீண்டும் ஒளிர்வதுமாக இருந்தது. வீட்டுக்கு அருகிலிருந்த கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “பேனல் போயிடுச்சு சார்” என்றார். நானும் மறுபேச்சின்றி 5,200 ரூபாய் கொடுத்துப் பேனலை, அதாவது திரையில் படம் காட்டும் தகட்டை, மாற்றிக்கொண்டு வந்தேன். மூன்றே வாரத்தில் அதே இருட்டு திரும்பியது. இம்முறை வேறொரு கடையில் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, கீலுக்குள் வளைந்து செல்லும் கேபிளின் மேலுறை தேய்ந்து, உள்ளே மயிரிழை போன்ற கம்பிகளில் இரண்டு அறுந்திருந்தது தெரிந்தது. கேபிளை மாற்ற 900 ரூபாய் ஆயிற்று. எந்தக் குறையும் இல்லாத என் பழைய பேனலை முதல் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்குப் பின் அது யாருடைய மடிக்கணினியில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறதோ தெரியாது.

‘திரை கெட்டுவிட்டது’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் குறை, உண்மையில் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: பேனல், அதற்கு ஒளி தரும் பின்விளக்கு, கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டுடன் பேனலை இணைக்கும் கேபிள், அல்லது அந்த மதர்போர்டே. இவற்றுள் கேபிள் சில நூறு ரூபாயில் முடியலாம்; மதர்போர்டு என்றால் மடிக்கணினியையே கைவிட நேரலாம். எனவே ‘சரிசெய்வதா, மாற்றுவதா’ என்ற கேள்விக்கு விடை காணுமுன், கெட்டது எது என்பதை ஓரளவேனும் நாமே தெரிந்துகொண்டு கடைப்படி ஏறுவது நல்லது. அதற்குத் திருப்புளிகூடத் தேவையில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

முதல் சோதனைக்கு வேண்டியது ஓர் எச்டிஎம்ஐ கேபிளும் வீட்டுத் தொலைக்காட்சியும்தான். மடிக்கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்து, தொலைக்காட்சியில் அந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள். படம் தானாக வராவிட்டால் விண்டோஸ் விசையையும் ‘பி’ (P) விசையையும் சேர்த்து அழுத்தினால், எந்தத் திரையில் காட்டுவது என்று கேட்கும் பட்டியல் வரும். தொலைக்காட்சியில் படம் தெளிவாகத் தெரிந்தால், மடிக்கணினியின் மூளை நலமாக இருக்கிறது, குறை பேனலிலோ கேபிளிலோதான் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். அங்கும் அதே கோடுகளும் கலங்கலும் தெரிந்தால், பேனலுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

திரை முழுதும் கறுப்பாக இருக்கிறது, ஆனால் விசிறி சுற்றும் ஓசையும் விண்டோஸ் தொடங்கும் ஒலியும் கேட்கிறது என்றால், அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். டார்ச்சின் ஒளி வட்டத்துக்குள் முகப்புப் படமோ ஐகான்களோ மங்கலாகத் தெரிந்தால் படம் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது, பின்விளக்கு மட்டும் எரியவில்லை என்று பொருள். இதற்குப் பேனலுக்குள் இருக்கும் எல்இடி வரிசை காரணமாக இருக்கலாம். கேபிள் காரணமாக இருக்கலாம். மதர்போர்டில் அரிசிமணியை விடச் சிறிதாக ஒட்டப்பட்டிருக்கும் ஃபியூஸ் ஒன்று எரிந்துபோயிருக்கவும் கூடும். அந்த ஃபியூஸ் மலிவான பொருள். அதை மாற்றத் தெரிந்த கைக்குத்தான் கூலி.

மூன்றாவது, மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திரை துடித்தாலோ நிறம் மாறினாலோ அணைந்தாலோ, கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான் செய்யத் தவறியது இதைத்தான்; கண்முன்னே குறி தெரிந்தும் அதைப் படிக்கவில்லை.

நான்காவது, கணினியை அணைத்து மீண்டும் இயக்கும்போது, நிறுவனத்துக்கு ஏற்ப எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் விசையை அழுத்தி பயாஸ் எனும் தொடக்க அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே விண்டோஸ் இன்னும் தொடங்கியிருக்காது. கோடுகளும் துடிப்பும் அங்கும் இருந்தால் குறை வன்பொருளில் இருக்கிறது. அங்கே தெளிவாக இருந்து விண்டோஸுக்குள் மட்டும் தொல்லை என்றால், திரைக்குப் படம் அனுப்ப உதவும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துப் பார்க்கும் வரை கடைக்கே போக வேண்டாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) என்ற நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டிரைவர் மறுதொடக்கமாகும். திடீரென்று கறுத்துப்போன திரை இதிலேயே மீண்டதை நான் பார்த்திருக்கிறேன். டெல் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: ‘டி’ (D) விசையை அழுத்திப் பிடித்தபடி பவர் பொத்தானை அழுத்தினால், பேனல் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, திரை முழுவதையும் ஒவ்வொரு நிறமாகக் காட்டும். அதில் கோடு விழுந்தால் குறை பேனல் பக்கம்தான்.

எது சரியாகும், எது ஆகாது

கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல் ஓடியிருந்தாலோ, மை சிந்தியதுபோல் கரும்படலம் பரவியிருந்தாலோ அதற்குப் பழுதுபார்ப்பு என்று ஒன்று கிடையாது. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அடைத்திருக்கும் திரவப் படிகம் தன் இடத்தை விட்டு வெளியேறிவிட்டது. அதைத் திரும்ப அடைக்க முடியாது. பேனலை மாற்றுவது ஒன்றே வழி. அந்தக் கரும்படலம் நாளுக்கு நாள் விரியவும் கூடும் என்பதால், திரையின் எஞ்சிய பகுதி தெரியும்போதே கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்வது நல்லது.

மேலிருந்து கீழாக ஒரு வண்ணக் கோடு மட்டும் நிலையாக நிற்கிறது என்றால், பெரும்பாலும் பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் தொடர்பு விட்டுப்போயிருக்கும். பெரிய தொலைக்காட்சிகளில் இதைச் சூடான அச்சால் அழுத்தி மீண்டும் ஒட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் சென்னையிலேயே உண்டு. மடிக்கணினிக்கு அந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூலி பேனலின் விலையை நெருங்கிவிடும், ஒட்டு எத்தனை நாள் நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இருக்காது. கோடு ஓரமாக இருந்து வேலைக்கு இடைஞ்சல் தரவில்லை என்றால், ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான்.

வெள்ளைப் புள்ளிகள், கைவிரல் அளவுத் திட்டுகள் ஆகியவை அழுத்தத்தால் வருபவை. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் காலை நேரத்தில் மார்போடு பையை அணைத்து நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பையில் மடிக்கணினியோடு சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்துத் திணிப்பதே முக்கால்வாசிக் காரணம். மூடிய பின்னும் விசைப்பலகை மேல் தங்கிவிட்ட இயர்போன், பேனா, ஸ்டேப்ளர் பின் போன்றவை அடுத்த காரணம். இத்திட்டுகளும் பேனலை மாற்றினால்தான் போகும். ஆனால் அவசரம் இல்லை. ஒற்றைப் புள்ளி செத்துப்போனதற்காகப் பேனலை மாற்றுவது, என் கருத்தில், வீண் செலவு.

கீல் உடைந்திருப்பதைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பலரும் திரையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் உடலுக்குள் பதித்த சிறு பித்தளைத் திருகுக்குழிகளில்தான் கீல் நிற்கிறது. கீல் இறுகிப்போய், நாம் மூடியை ஒரு மூலையைப் பிடித்து வலுவாகத் திறக்கும்போது, அந்தக் குழிகள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கீல் பேனலின் கீழ் மூலையை நெம்பும். கடற்காற்று வீசும் நம் ஊரில் கீல் துருப்பிடித்து இறுகுவதற்கும் குறைவில்லை. கீலைச் சீர்செய்யாமல் புதுப் பேனலை மட்டும் பொருத்தினால் அதே மூலையிலிருந்து மீண்டும் விரிசல் கிளம்பும். பேனலுக்கு விலை கேட்கும்போதே கீலுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கணக்கு

கெட்டது பேனல்தான் என்று உறுதியான பிறகு, செலவு செய்யத் தகுமா என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலோர் ‘55,000 ரூபாய் கொடுத்து வாங்கியது, எப்படித் தூக்கிப் போடுவது’ என்று வாங்கிய விலையை நினைத்து முடிவெடுக்கிறார்கள். அந்தப் பணம் போயாயிற்று. பார்க்க வேண்டியது, இந்த இயந்திரம் இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்பதை.

நான் போடும் கணக்கு எளியது. மூன்று வயதான மடிக்கணினிக்கு 6,000 ரூபாயில் பேனல் மாற்றினால், அது இன்னும் இரண்டரை ஆண்டு ஓடும் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 200 ரூபாய் ஆகிறது. அதற்குப் பதில் 45,000 ரூபாய்க்குப் புதிது வாங்கி ஐந்தாண்டு பயன்படுத்தினால் மாதத்துக்கு 750 ரூபாய். இங்கே பேனலை மாற்றுவதே சரி. இப்போது எட்டு வயதான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பேனல் 5,500, ஒரு மணி நேரம்கூடத் தாங்காத பேட்டரிக்கு மாற்று 2,500, கீலுக்கு 2,000, ஆக 10,000 ரூபாய், ஓராண்டுதான் ஓடும் என்றால் மாதத்துக்கு 830 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. புதியதை விடப் பழையது விலை கூடிவிட்டது. தொகைகளை உங்கள் கடைக்காரர் சொல்வதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

எத்தனை மாதம் ஓடும் என்பதை ஊகிக்க, இப்போது ஒரு தெளிவான அளவுகோல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட) மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். உங்கள் பிராசஸரின் பெயர் ஐ5-7200 என்று தொடங்கினால் அது ஏழாம் தலைமுறை. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. வங்கிப் பரிமாற்றமும் அலுவலக வேலையும் நடக்கும் ஏழாம் தலைமுறை இயந்திரத்துக்குப் புதுப் பேனல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தத் தெரிந்தவர் என்றால் அது வேறு.

வீட்டை விட்டு வெளியே கொண்டு போகாத மடிக்கணினிக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பேனலுக்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்து 22 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி, எச்டிஎம்ஐ மூலம் இணைத்து, மடிக்கணினியை மேசைக் கணினிபோல் பயன்படுத்தலாம். நாளை இந்த மடிக்கணினி போனாலும் மானிட்டர் அடுத்ததற்கு உதவும். அரசு தந்த விலையில்லா மடிக்கணினியைப் பத்தாண்டுக்கு மேலாக வைத்திருக்கும் வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று: கடைக்குப் போகுமுன் வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள். வழக்கமான ஓராண்டு உத்தரவாதம் கீழே விழுந்து உடைந்த திரைக்குப் பொருந்தாது. ஆனால் வாங்கும்போது விற்பனையாளர் வற்புறுத்தி விற்ற ‘விபத்துச் சேதப் பாதுகாப்பு’த் திட்டம் ஒன்று இருந்து, அதை நீங்களே மறந்திருக்கலாம். மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டால் என்ன பாதுகாப்பு எஞ்சியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பேனல் வாங்கும்போது

சென்னையில் பேனல் என்றால் எல்லோரும் கை காட்டுவது அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ரிச்சி தெருவையும் அதன் பக்கத்து நரசிங்கபுரம் தெருவையும்தான். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். வண்டியை எடுத்துச் சென்று நிறுத்த இடம் தேடுவது அறிவுடைமை அல்ல. முதல் கடையிலேயே முடித்துவிடாமல் மூன்று கடைகளிலாவது விலை கேளுங்கள். கேட்கும்போது ‘டெல் 15 அங்குலத் திரை’ என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு விலைதான் வரும். சரியான விடை பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் இருக்கிறது.

மடிக்கணினிக்கு எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், பேனலைச் செய்பவை ஏயூஓ, பிஓஇ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்பிளே போன்ற சில நிறுவனங்களே. அந்தத் தாளில் பி156, என்வி156, எல்பி140 என்றெல்லாம் தொடங்கும் எண் இருக்கும். நடுவிலுள்ள 156 என்பது 15.6 அங்குலம், 140 என்பது 14 அங்குலம். முழு எண்ணும் தெரிந்தால் கடைக்காரர் அதே பேனலையோ அதற்கு ஈடானதையோ எடுத்துத் தருவார். ஈடான பேனல் என்றால் பொருந்த வேண்டியவை அளவு மட்டுமல்ல. திரைப் புள்ளிகளின் எண்ணிக்கை 1366×768 ஆ 1920×1080 ஆ என்பது, கேபிள் செருகும் இணைப்பியில் 30 ஊசியா (pin) 40 ஊசியா என்பது, திருகு மாட்டும் காதுகள் இருக்கின்றனவா என்பது, இவை எல்லாம் ஒத்துவர வேண்டும். ஒரே 15.6 அங்குலத்திலேயே காதில்லாத புதிய பேனல்கள் சுமார் 350 மில்லிமீட்டர் அகலத்திலும், பழையவை சுமார் 360 மில்லிமீட்டரிலும் வருகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

“ஒரிஜினல் போடட்டுமா, கம்பேட்டிபிள் போதுமா?” என்று கேட்பார்கள். கம்பேட்டிபிள் என்றால் ஈடான பேனல். ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்குக் கடைக்குக் கடை பொருள் மாறும். சிலர் புதுப் பேனலைச் சொல்வார்கள். சிலர் வேறொரு மடிக்கணினியிலிருந்து கழற்றிய நிறுவனப் பேனலைச் சொல்வார்கள். கழற்றியது என்பதாலேயே அது மட்டமானது அல்ல, ஆனால் விலை குறைய வேண்டும். நான் அழுத்திக் கேட்பது வேறொன்றை: பேனல் ஐபிஎஸ் வகையா, டிஎன் வகையா? டிஎன் பேனலைப் பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் வெளுத்தோ கறுத்தோ தெரியும். இருந்த ஐபிஎஸ் பேனலுக்குப் பதில் மலிவான டிஎன் பேனலைப் போட்டு அனுப்பினால், கடையின் வெளிச்சத்தில் நேராகப் பார்க்கும்போது வேறுபாடு தெரியாது, வீட்டில் தெரியும்.

தொடுதிரையுள்ள மடிக்கணினிகள் பலவற்றில் தொடுகண்ணாடியும் பேனலும் ஒன்றாகவே ஒட்டப்பட்டிருக்கும், சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். மேக்புக்குகளுக்குப் பெரும்பாலும் மூடி முழுவதையுமே மாற்றுகிறார்கள். பின்விளக்கின்றி ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்கும் விலை அதிகம். இம்மூன்றிலும் மேலே சொன்ன கணக்கை இன்னும் கடுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நீங்களே மாற்றிக்கொள்ள நினைத்தால், தொடுதிரை இல்லாத, பேனல் திருகால் மாட்டப்பட்ட மடிக்கணினியில் அது அரை மணி நேர வேலை. ஒரேயொரு விதியை மட்டும் மீறக் கூடாது: பேனலின் கேபிளைத் தொடுமுன் கீழ்மூடியைக் கழற்றி, பேட்டரியின் இணைப்பைப் பிரித்துவிட வேண்டும். அணைத்துவிட்டோமே என்று மின்சாரம் இருக்கும்போதே கேபிளைச் செருகி, பின்விளக்கின் ஃபியூஸை எரித்துக்கொண்டு கடைக்கு வருபவர்கள் உண்டு. புதிய மாடல்களில் பேனல் இருபுறமும் நீளும் ஒட்டுப்பட்டைகளால் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பட்டையைப் பேனலுக்கு இணையாக, மெதுவாக இழுக்க வேண்டும், அறுந்தால் கதை முடிந்தது. கை நடுங்கும் என்றால் கூலி கொடுப்பதே மலிவு.

ஒப்படைப்பதும் திரும்பப் பெறுவதும்

கொடுக்குமுன் தொலைக்காட்சியில் இணைத்துக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லை. பேனலைச் சோதிக்க பயாஸ் பக்கமே போதும். முடிந்தால் எதிரிலேயே உட்கார்ந்து மாற்றி வாங்குங்கள். பேனல் கையிருப்பில் இருந்தால், ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்த ரசீதை, பேனலின் எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதச் சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள். ‘பில் இல்லாமல் போட்டால் குறைத்துத் தருகிறேன்’ என்பார்கள். அந்தக் குறைப்பு, மூன்று வாரம் கழித்துத் திரை மீண்டும் இருண்டால் எந்தத் துணையும் இல்லாமல் நிற்பதற்கான விலை. ரசீது இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கவாவது வழி இருக்கிறது.

பழைய பேனலைக் கேட்டு வாங்குங்கள். அது உண்மையிலேயே செத்ததாக இருந்தால் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடலாம். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். எல்இடி வருமுன் வந்த பழைய மடிக்கணினிகளின் பின்விளக்குக் குழலில் பாதரசம் இருக்கும் என்பதால் அவற்றில் கூடுதல் கவனம் தேவை.

கல்லாவை விட்டு எழுமுன் திரையில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் செய்து புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, முழுதாகக் குறையுங்கள். மூடியைப் பத்து முறை திறந்து மூடுங்கள். கேமராவையும் மைக்கையும் ஒரு முறை இயக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் வைஃபையையும் சோதியுங்கள். பல மாடல்களில் அதன் ஆன்டெனா கம்பிகள் கீல் வழியாக மேலேறித் திரையின் ஓரத்தில்தான் முடிகின்றன. மூடியைத் திரும்பப் பூட்டும்போது ஒரு கம்பி நசுங்கினால், ரூட்டருக்கு அருகில் எல்லாம் சரியாக இருக்கும், உள் அறைக்குப் போனால் மட்டும் சிக்னல் இருக்காது.